பார்ப்பதாகச் சொன்ன பெட்டிகள்

என் நாத்தனார் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. நான் அதே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு ஆசிரியை. இப்படி ஒரு தலையெழுத்து யாருக்கும் வேண்டாம். சமையலில் உப்பு கூடினாலும் வகுப்பில் சத்தம் கூடினாலும் ஒரே ஆளிடம்தான் பாட்டு வாங்க வேண்டும். வீட்டில் அவர் எனக்கு அண்ணி. பள்ளி கேட்டைத் தாண்டிவிட்டால் மேடம்.

ஆனாலும் அவரைப் பற்றி நல்லது சொல்லாமல் விட்டால் என் வாய் அழுகிவிடும். பொறுப்பேற்ற அன்றே பிரம்புகளை ஒழித்தவர் அவர். பழைய தலைமை ஆசிரியர் பிரம்புகளை ஆளுக்குத் தகுந்த பருமனில் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். அண்ணி அவற்றை அள்ளிக்கொண்டு போய்ப் பின்பக்கத் தோட்டத்தில் சாய்ந்து கிடந்த தக்காளிச் செடிகளுக்கு முட்டுக் கொடுத்தார். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் மேடம்" என்று சண்டைக்கு வந்த ஒருவரிடம், "அப்ப உங்க அண்ணனை அனுப்புங்க, அவருக்கு உதவுதான்னு மொதல்ல பாக்கலாம்" என்றார். "கண்ணு ரெண்டை விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க" என்று பிள்ளையை ஒப்படைக்க வந்த இன்னொருவரிடம், "தோல் உரிக்கிறது கறிக்கடையில, இது பள்ளிக்கூடம்" என்றார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த பாசம், பிறகு எத்தனையோ சண்டை போட்டும் முழுசாகப் போகவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. பிரம்பு போனதும் பள்ளிக்கூடம் சந்தைக்கடை ஆனது. மாடிப்படியில் தள்ளுமுள்ளு, சுவரெல்லாம் கிறுக்கல், கழிப்பறைக் குழாய்களைக் காணோம். நிர்வாகத்தார் முணுமுணுத்தார்கள். நான் மட்டும் என் வகுப்பில் வேறொரு வழி பார்த்தேன். யாருக்கு யார் மேல் குறை இருந்தாலும் எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எல்லோரும் கேட்க வேண்டும், தீர்ப்பையும் அவர்களே சொல்ல வேண்டும். அண்ணி அதற்கு வைத்த பெயர் 'உன் பஞ்சாயத்து'. நேரம் தின்னும், காது கிழியும். ஒரு தடவை தீர்ப்பு பிடிக்காமல் ஒருவன் இன்னொருவனின் முன்பல்லை உடைத்தும் விட்டான். அந்தப் பல்லை அண்ணி எனக்கு இன்றுவரை நினைவூட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் கண்டுபிடித்த வழி கேமரா. நிர்வாகம் பணம் தர மாட்டேன் என்று கையை விரித்ததும் தன் தம்பியைக் கூப்பிட்டார். தம்பி என்றால் என் கணவர். மின்சாமான் கடை வைத்திருக்கிறார். அக்கா சொன்னால் ஆகாயத்துக்கும் ஏணி வைப்பார். கடையில் கிடந்த பழைய கேமராக் கூடுகளைத் துடைத்து, உள்ளே ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் பேட்டரியும் போட்டு, ஒரு விடுமுறை நாளில் பள்ளிக்கூடம் முழுக்க மாட்டிவிட்டு வந்தார். கேட்டுக்கு மேல், படி முனைகளில், நூலகத்தில், மேல்மாடியில் படம் போட்டுக் காட்டும் அறையில். கண் சிமிட்டுவது போல விளக்கு மட்டும் மினுக்மினுக்கென்று எரியும். படம் பிடிக்கிற வேலை எதுவும் அதற்குத் தெரியாது. அண்ணியின் மேசையில் ஒரு பழைய திரையை, முதுகு வருகிறவர்களுக்கும் முகம் அவருக்குமாகத் திருப்பி வைத்தார்கள். அதற்கு மின்இணைப்பே கிடையாது.

அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது.

"இது ஏமாத்து வேலை அண்ணி" என்றேன்.

"யாரையாவது அடிச்சேனா? திட்டினேனா? பாக்கறாங்கன்னு நெனச்சாலே புள்ளைங்க ஒழுங்கா இருக்கும். நெஜமா பாக்கணும்னு என்ன அவசியம்?"

"பாக்காதப்பவும் ஒழுங்கா இருக்கத்தானே நாம சொல்லிக் குடுக்கணும்."

"அது உன் பஞ்சாயத்துல நடக்குமா? ஒரு பல்லு ஏற்கெனவே போச்சு."

என் கணவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் அண்ணி அறிவித்தார். "இனிமே யாரும் கத்த வேண்டாம், ஓட வேண்டாம். தாகமா, வயித்து வலியா, யாராவது தள்ளி விட்டாங்களா, எதுவா இருந்தாலும் பக்கத்துல இருக்கிற கேமராவுக்குக் கீழ போய் நின்னு கையைத் தூக்குங்க. நான் பாத்துட்டு வரேன்." அதோடு வரிசையில் நடக்கும்போது பேசக் கூடாது என்ற சட்டமும் வந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், பள்ளிக்கூடம் அடங்கியது. காரணம் அந்தக் கேமராப் பெட்டிகள் இல்லை. அண்ணி ஓர் இடத்தில் உட்காராமல் நாள் முழுக்க மாடிக்கும் கீழுக்கும் சுற்றிக்கொண்டே இருப்பார். எந்தப் பிள்ளை எங்கே கை தூக்கினாலும் கொஞ்ச நேரத்தில் எதிரே வந்து நிற்பார். பிள்ளைகள் கேமரா வேலை செய்கிறது என்று நினைத்தார்கள். வேலை செய்தது அண்ணியின் கால்கள்.

இந்தப் பெட்டிகளை எல்லோரையும்விட அதிகமாக நம்பியவள் நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி. பட்டாணி என்று கூப்பிடுவோம். உருவம் அப்படி, உருட்டி விட்டால் ஓடிவிடுகிற அளவு. வாயில் ஈ போனாலும் அனுமதி கேட்டுத்தான் துப்புவாள் போல, அவ்வளவு அமைதி. அண்ணி பார்வையாளர்களை அழைத்து வந்தால் முதலில் அவளைத்தான் காட்டுவார். காட்டும்போது என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார்.

ஒருநாள் மாலை பள்ளி முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. நான் பயிற்சி ஏடுகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். வெளியே வேன் வந்து நின்றது. வேன்காரரோடு பட்டாணியின் அம்மா இறங்கினாள். சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். வேலை உடையோடு, மடித்துவிட்ட கையோடு, அப்படியே ஓடி வந்திருந்தாள்.

"மேடம், பொண்ணு வீட்டுக்கு வரல."

வேன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சில நாள் அந்த அம்மாவே வேலை சீக்கிரம் முடிந்து பெண்ணைக் கூட்டிப்போவது உண்டாம். இன்றும் அப்படித்தான் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டாராம். தெருமுனையில் காத்திருந்தவள் வேனில் பிள்ளையைக் காணாமல் அதே வேனில் ஏறி வந்திருக்கிறாள்.

காவல்காரர் கேட்டில் யாரையும் கவனிக்கவில்லை. நான் ஓடிப்போய் எதிர்வரிசைக் கடைகளிலும் பேருந்து நிறுத்தத்திலும் கேட்டேன். எந்தப் பிள்ளையைச் சொல்கிறீர்கள், எல்லாம் ஒரே சீருடைதானே என்றார்கள். அந்தத் தெரு பெரிய சாலையில் போய் முட்டுகிறது. அங்கே எந்த வண்டி எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்?

அண்ணியின் அறைக்குள் நுழைந்தபோது பட்டாணியின் அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கேமராவைப் போட்டுக் காட்டுங்க மேடம். கேட்டுல யார் கூடப் போனான்னு தெரிஞ்சிடும்ல. யாருன்னு தெரிஞ்சா போதும், ஓடிப் புடிச்சிடலாம்."

அண்ணியின் கை திரையின் மேல் போய் நின்றது. திருப்பவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"அம்மா, அதுல ஒண்ணும் பதிவாகாது. எல்லாம் வெறும் பெட்டி. புள்ளைங்க பயப்படணும்னு நான்தான் மாட்ட வச்சேன்."

அந்த அம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "கேமரா இருக்குன்னு சொன்னதாலதானே மேடம் இங்க சேத்தேன்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மூலையில் நின்ற வேன்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பெரிய பசங்களுக்கெல்லாம் தெரியும் மேடம். வேன்ல பேசிக்குவாங்க. நூலகத்துல இருக்கிற பெட்டிக்குள்ளதான் பபிள்கம் ஒளிச்சு வைக்கிறதாம்."

அந்த நெருக்கடியிலும் எனக்கு ஒன்று உறைத்தது. யாரை அடக்க அந்தப் பெட்டிகளை மாட்டினோமோ அவர்கள் அதில் பபிள்கம் வைக்கிறார்கள். யாரை அடக்கவே வேண்டாமோ அவள் மட்டும் நம்பியிருக்கிறாள். அண்ணிக்கும் அது உறைத்திருக்க வேண்டும். நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

நான் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். உயரம், சீருடை நிறம், இரட்டைப் பின்னல், இடது முட்டியில் பழைய தழும்பு என்று அவள் அம்மா சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். தழும்பு வரைக்கும் சொன்னவள் அதற்கு மேல் முடியாமல் உடைந்துவிட்டாள்.

"அவ யார் என்ன சொன்னாலும் நம்பிடுவா மேடம். வீட்ல கூட ஏதாவது வேணும்னா வாய் திறந்து கேக்க மாட்டா, கையைத் தூக்கிட்டு நிப்பா. ஏன்டின்னு கேட்டா, இப்படி நின்னா எங்க மேடம் எங்க இருந்தாலும் வந்துடுவாங்கம்பா."

அண்ணி சடாரென்று எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அவ வெளியவே போகல" என்றார். "தனியா கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கேன். அவ தாண்ட மாட்டா. ஏதாவது ஒரு பெட்டிக்குக் கீழதான் நிக்கறா."

பிறகு அவர் ஓடினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் ஓடக் கூடாது என்றவர் செருப்பை உதறிவிட்டு ஓடினார். பின்னால் அந்த அம்மா, அவள் பின்னால் நான், எனக்கும் பின்னால், அறைகளைப் பூட்டுகிற ஆயா சாவிக் கொத்தோடு. கேட்டுப் பெட்டிக்குக் கீழே இல்லை. கீழ்ப்படி முனையில் இல்லை. நூலகத்தைத் திறந்தால் காலி நாற்காலிகள்தான். அடுத்த மாடியின் முனையிலும் இல்லை.

மிச்சம் இருந்தது மேல்மாடியில் படம் காட்டும் அறை. கறுப்புத் திரை, மூடிய ஜன்னல், தடித்த கதவு. உள்ளே பேசினால் வெளியே கேட்காது. கடைசி வகுப்பில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை அங்கேதான் அழைத்துப் போயிருந்தார்கள். என்ன நடந்தது என்பது மறுநாள் தெரிந்தது. பட்டாணியின் அழிப்பான் உருண்டு பின்வரிசை பெஞ்சுக்கு அடியில் போயிருக்கிறது. அவள் குனிந்து தேடும்போது வரிசை கிளம்பிவிட்டது. பக்கத்தில் இருந்தவள் பார்த்திருக்கிறாள். வரிசையில் பேசக் கூடாது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. ஆயா எட்டிப் பார்த்து, இருட்டாக இருக்கவே, பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆயா கொத்தில் சாவியை ஒவ்வொன்றாகத் தேடினார். அண்ணி பிடுங்கித் திறந்தார்.

அவள் நின்றிருந்தாள். ஒரு பெஞ்சின் மேல் ஏறி, அந்தப் பெட்டிக்கு நேர் எதிரே, வலது கையைத் தூக்கியபடி. கை வலித்திருக்க வேண்டும், இடது கையால் வலது முழங்கைக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். புத்தகப்பை முதுகில் அப்படியே இருந்தது. கன்னத்தில் அழுது காய்ந்த கோடு இருந்தது.

எங்களைப் பார்த்ததும் கையை இறக்கினாள்.

"மேடம், இன்னிக்கு ரொம்ப லேட்டாப் பாத்தீங்க" என்றாள்.

அவள் அம்மா பாய்ந்து பெஞ்சிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டாள். புத்தகப்பையோடு சேர்த்து அணைத்ததில் பிள்ளைக்கு மூச்சு முட்டியிருக்கும். நான் கதவோரமே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. ஆயா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு புலம்பினார். பட்டாணி மட்டும் அம்மாவின் தோளுக்கு மேலாகச் சுண்டுவிரலை நீட்டினாள்.

"அம்மா, அவசரம்."

அந்த விரலைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இவ்வளவு நல்ல செய்தியை யாரும் எனக்கு விரலால் சொன்னதில்லை. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டே கழிப்பறைக்கு ஓடினாள். நான் காவல் நிலையத்துக்கும் வேன்காரருக்கும் கிடைத்துவிட்டாள், கிடைத்துவிட்டாள் என்று சொன்னேன். காவல் நிலையத்தில் பேசியவர், "அப்பாடா, வைங்கம்மா" என்றார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை, இருந்தாலும் அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அவர்கள் திரும்பி வந்தபோது அண்ணி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பட்டாணி முகம் கழுவி, கொஞ்சம் தெம்பாக எதிரே வந்து நின்றாள்.

"வேற யாராவது கை தூக்கினாங்களா மேடம்? அங்க போயிட்டு வந்தீங்களா?"

அந்த நிமிடத்தில் என் புத்தி போன போக்கைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி மாட்டிய நாளிலிருந்து ஏமாற்று ஏமாற்று என்று கத்தியவள் நான். அப்படிப்பட்ட நானே, ஆமாம்னு சொல்லிடுங்க அண்ணி, பிள்ளை நிம்மதியாக வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். அவள் அம்மாவும் அதையே நினைத்தாள். அண்ணியைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், பரவாயில்லை, சொல்லிவிடுங்கள் என்பது போல. ஒரு வார்த்தை போதும். அண்ணியின் மானமும் பள்ளிக்கூடத்தின் அமைதியும் அப்படியே தப்பித்திருக்கும்.

அண்ணி பெஞ்சின் மேல் ஏறினார். அந்தப் பெட்டியைத் திருகி எடுத்துக்கொண்டு இறங்கி, மூடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"நான் பாக்கலம்மா. இதுல பாக்க முடியாது. பேட்டரியும் விளக்கும் மட்டும்தான் இருக்கு. நான் உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

பட்டாணி உள்ளே எட்டிப் பார்த்தாள். கவிழ்த்துத் தட்டினாள். விளக்கு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப எப்படி வந்தீங்க?"

"நீ நான் சொன்னதை நம்பியிருப்பன்னு நெனச்சேன். அதை வச்சுத் தேடினேன். இனிமே இப்படி ஆனா கையைத் தூக்காத. கத்து. கதவைப் போட்டு ஒதை."

அவள் அதற்குத் தலையாட்டவில்லை. அவள் யோசனை வேறு எங்கோ இருந்தது. கீழுதடு மெல்லப் பிதுங்கியது.

"கணக்குப் பரீட்சையில பக்கத்துல இருந்தவ பேப்பரைக் காட்டினா. நான் பாக்கவே இல்ல. அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"படியில தண்ணி கொட்டியிருந்திச்சு. நான்தான் துடைச்சேன். அதுவும் பாக்கலையா?"

"பாக்கல."

"அப்ப நான் நல்லா இருந்ததை எல்லாம் யாருமே பாக்கலையா?"

அடித்தால் வலிக்கும் என்று பிரம்பைத் தூக்கிப் போட்டவர் அண்ணி. இது அவர் எதிர்பார்க்காத இடத்தில் விழுந்தது. பதிலுக்கு ஏதாவது அழகாகச் சொல்லிச் சமாளிக்க அவருக்குத் தெரியும். எத்தனையோ கூட்டங்களில் பேசியவர்தான். ஆனால் தரையில், அவளுக்கு எதிரே, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"இப்ப நீ சொல்லித்தான் எனக்குத் தெரியுது" என்றார். "வேற என்னென்ன பண்ணின? எல்லாத்தையும் சொல்லு."

பட்டாணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள். பிள்ளை புத்தகப்பையை இறக்கி வைத்துவிட்டு அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். யாரோ கீழே போட்ட சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கொடுத்தது, ஜன்னலில் அடிபட்டு விழுந்த வண்டுக்கு இலை வைத்தது, கிள்ளியவளைத் திருப்பிக் கிள்ளாமல் விட்டது, அப்புறம் ஒரே ஒரு தடவை மட்டும் திருப்பிக் கிள்ளியது. "அதைப் பாத்துட்டீங்களோன்னு ரொம்ப நாள் பயந்தேன்" என்றாள். வருடக்கணக்காக வாய் திறக்காத பிள்ளைக்கு இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கீழே வேன்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். ஆயா ஜன்னலைத் திறந்து, கொஞ்சம் நேரமாகும், மேடம் கேட்டுக்கிட்டிருக்காங்க என்று அவரிடம் கத்திச் சொன்னார்.